இரண்டு வீட்டுக்கும் ஒரே பெயர்

கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமியின் முழுப்பெயருக்கு நடுவில் 'கென்டிஷ்' என்று ஒன்று உண்டு. 1877இல் கொழும்பில் பிறந்தவர். தகப்பனார் சேர் முத்துக் குமாரசுவாமி, சட்டசபையில் இருந்த தமிழர். தாயார் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கென்ட் பகுதிக்காரர். பிள்ளையின் பெயரில் முன்னும் பின்னும் தகப்பன் வீடு நிற்க, தாய் வீட்டுக்கு நடுவில் ஓர் இடம் கிடைத்தது. அதுவும் புத்தக அட்டைகளில் 'கே' என்று ஓர் எழுத்தாகச் சுருங்கிப்போனது. அது தாயின் ஊர் என்று அவரைப் படித்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

இரண்டு வழி வந்த குடும்பம் குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு இடம் என்ற பேச்சு வராமல் இருக்காது. ஆனால் தமிழ்நாட்டில் அந்தப் பேச்சு போகும் திசை வேறு, இலங்கையில் போகும் திசை வேறு. தமிழ்நாட்டில் 'கலப்புத் திருமணம்' என்றால் முதலில் நினைப்பது சாதி, பிறகு மதம். மொழி அதற்கும் பின்னால்தான். இலங்கையில் அதே சொல்லைக் கேட்டதும் தமிழ்–சிங்களம் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு சைவரும் ஒரு கத்தோலிக்கரும் கல்யாணம் செய்தால் வீட்டில் சில மாதம் முகம் பாராமல் இருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் தமிழரும் சிங்களவரும் செய்தால், அவர்களுடைய பிள்ளையின் பெயரை ஒரு நாடே வாசித்துப் பார்க்கிறது.

நான் பார்த்தவரையில், தமிழ்நாட்டுக் குடும்பம் இரண்டு பக்கத்தையும் பெயருக்குள் அடுத்தடுத்து உட்காரவைக்கப் பார்க்கிறது. இலங்கைக் குடும்பம் இரண்டு பக்கமும் 'இது எங்கட பேர்தான்' என்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே பெயராகத் தேடுகிறது.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் அந்தத் தேடலைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். தகப்பன் யாழ்ப்பாணத் தமிழர், தாய் காலியைச் சேர்ந்த சிங்களவர். சாப்பாட்டு மேசையில் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாள். இடப்பக்கம் தமிழில் பெயர்கள், வலப்பக்கம் அதே பெயர்கள் சிங்களத்தில். அப்பம்மா சொன்ன முதல் பெயர் யாழினி. காலியிலிருந்து வந்திருந்த அம்மம்மா அதை வாய்விட்டு வாசித்தார்: 'யாலினி'. சிங்களத்தில் ழகரம் கிடையாது. அப்பம்மாவின் முகம் மாறிவிட்டது. காலிக்காரர் கொடுத்தது கயனி. சிங்களத்தில் அது மென்மையான ககரத்தில் தொடங்கும். தமிழில் எழுதியதும் முதலெழுத்து வன்மையாகி 'கயல்' போல ஒலித்தது. இந்த முறை அவருடைய முகம் மாறியது. இப்படி அடித்து அடித்துத் தாளில் தப்பியவை மாலினி, ரோகிணி, சாந்தி, அனுஷா.

"சாந்தி பழசம்மா. இப்ப ஆர் அப்பிடிப் பேர் வைக்கினம்?" என்றார் தகப்பன்.

அனுஷா தப்பியது. இரண்டு எழுத்திலும் ஒரே ஒலி, இரண்டு வீட்டிலும் ஏற்கெனவே சொந்தத்துக்குள் ஓர் அனுஷா. காலிச் சோதிடர் கொடுத்த எழுத்துக்கும் யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்க எழுத்துக்கும் அது பொருந்துகிறதா என்று பிறகு பார்த்துக்கொண்டார்கள். நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் இலங்கைத் தமிழருக்கும் சிங்களவருக்கும் தமிழ்நாட்டுக்காரருக்கும் பொது. அதில் யாரும் யாரையும் விட்டுக்கொடுக்கச் சொல்வதில்லை.

தமிழரும் சிங்களவரும் பங்குபோட்டுக்கொள்ளும் பெயர்க் கையிருப்பு வெளியிலிருந்து நினைப்பதைவிடப் பெரியது. வடமொழியிலிருந்தும் பாளியிலிருந்தும் இருவரும் எடுத்த பெயர்கள்தான் அதில் பாதிக்குமேல். கிரிக்கெட் வீரர் குமார் சங்கக்கார சிங்களவர். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் குமார் பொன்னம்பலம் தமிழர். அரசியல் தலைவர் அநுர குமார திசாநாயக்கவின் நடுப்பெயரும் அதன் சிங்கள வடிவமே. வெளியுறவு அமைச்சராக இருந்து 2005இல் கொல்லப்பட்ட லக்ஷ்மன் கதிர்காமரின் முதற்பெயரை மட்டும் வைத்து அவர் தமிழரா சிங்களவரா என்று யாராலும் சொல்ல முடியாது. கதிர்காமர் என்று வந்த பிறகுதான் தெரியும்.

பையன்களின் பெயரில் ஒரு சங்கடம் உண்டு. சிங்களத்தில் ஜயந்த, தமிழில் ஜெயந்தன். சிங்களத்தில் சஞ்சய, தமிழில் சஞ்சயன். கடைசி 'ன்' இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் சிங்களம் என்று காதுக்குப் பட்டுவிடும். அதனால் கலப்புக் குடும்பங்கள் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி முடியும் பெயர்களாகப் பொறுக்குகிறார்கள்: ரொஷான், ரஞ்சித், சுனில், குமார். பெண்பிள்ளைப் பெயர்கள் இருமொழியிலும் ஆகாரத்திலோ இகரத்திலோ முடிவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. அந்த வெள்ளவத்தை வீட்டில் பிறந்தது பையனாக இருந்திருந்தால் அந்தத் தாள் இன்னும் இரண்டு பக்கம் நீண்டிருக்கும்.

ஏன் இப்படி ஒலியிலேயே ஆளைக் காட்டாத பெயர் வேண்டியிருக்கிறது? இலங்கைப் பிறப்புச் சான்றிதழை விரித்துப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். தகப்பனின் இனம், தாயின் இனம் என்று தனித்தனிக் கட்டங்கள். பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்று இன்னொன்று. அதற்கும் கீழே, பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். தகப்பன் இலங்கையில் பிறக்காதவராக இருந்தால் பூட்டனார்வரைக்கும் போகும். 1948 குடியுரிமைச் சட்டம் தகப்பன், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. மலையகத் தமிழர்கள் இலட்சக்கணக்கில் நாடற்றவர்களானது அந்தக் கேள்வியால்தான். சட்டம் பல முறை திருத்தப்பட்டும் கட்டம் மட்டும் படிவத்தில் இருந்துகொண்டே வந்தது. கேட்பது தகப்பன் வழிப் பாட்டனை. தாய் வழிப் பாட்டனுக்குக் கட்டம் இல்லை. தாய் வழியாகவும் குடியுரிமை இறங்கலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்டதே 2003இல்தான்.

மற்றப் பாதி விடை 1983. தமிழருக்கு எதிராக அந்த ஆண்டு நடந்த ஆடிக் கலவரத்தில் பெயரைக் கேட்டு ஆளைப் பிரித்தார்கள். அதற்குப் பிந்திய கால் நூற்றாண்டில் கொழும்புச் சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையை வாங்கினால் முதலில் வாசித்தது பெயரை. அந்த வருடங்களில் பிள்ளை பெற்றவர்கள் ஏன் ரொஷான் என்றும் அனுஷா என்றும் வைத்தார்கள் என்று கேட்பது வீண். போர் 2009இல் முடிந்தது, ஆனால் அந்தப் பொறுக்கும் பழக்கம் அடுத்த தலைமுறைக்கும் வந்திருக்கிறது. பேரர்களுக்கு அது இப்போது வெறும் 'இனிமையான பெயர்'.

இனி பாக்குநீரிணையின் இந்தப் பக்கம். இந்தியப் பிறப்புச் சான்றிதழில் இனமும் இல்லை, மதமும் சாதியும் இல்லை. மதத்தைப் புள்ளிவிவரத்துக்காகக் கேட்கும் பகுதி தனியாகப் போய்விடும், கையில் கொடுக்கும் தாளில் அது அச்சாவதில்லை. சாதி பின்னால் வேறு சான்றிதழில் வரும். பிறந்த அன்று அரசாங்கம் கேட்பது பெயர், பெற்றோர், நாள், இடம். தமிழ்நாட்டில் இன்னொரு வசதி, குடும்பப்பெயர் என்று ஒன்று பெரும்பாலோருக்கு இல்லாதது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அடுத்த சில தலைமுறைகளில் முதலியாரும் பிள்ளையும் நாடாரும் பெயரின் வாலிலிருந்து உதிர்ந்தார்கள். மிஞ்சியது தகப்பன் பெயரின் முதலெழுத்து. 'கே' என்றால் கந்தசாமியா, காதர் மொய்தீனா என்று யாருக்கும் தெரியாது. மதம் தாண்டிக் கல்யாணம் செய்தவர்களுக்கு இதைவிடச் சாதகமான பெயர்முறை வேறு எங்கும் இருக்கிறதா என்பது சந்தேகம்.

இந்தச் சுதந்திரம் கிடைத்ததும் தமிழ்நாட்டார் செய்த காரியம் சுவாரசியமானது. ஒளித்துவைப்பதை விட்டுவிட்டு ஒட்டவைக்கத் தொடங்கினார்கள். கருணாநிதி தன் மகனுக்கு முதலில் நினைத்திருந்த பெயர் அய்யாதுரை. அய்யா என்றால் பெரியார், துரை என்றால் அண்ணாதுரை. ஒரே பெயரில் இரண்டு ஆசான்கள். 1953 மார்ச் 1இல் பிள்ளை பிறந்தது. மார்ச் 5இல் மாஸ்கோவில் ஸ்டாலின் இறந்தார். இரங்கல் கூட்டத்தில் பெயர் மாறிவிட்டது. பெரியாரும் சோவியத் பயணம் முடித்துத் திரும்பிய பின் குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்று பெயர் வைத்தார். தமிழ்நாட்டில் பெயர் என்பது மேடையில் வைக்கிற பொருளாகவும் இருந்திருக்கிறது. இன்றும் கல்யாண மேடையில் தலைவர்கள் மணமக்களிடம் 'பிறக்கும் குழந்தைக்குத் தமிழ்ப்பெயர் சூட்டுங்கள்' என்று சொல்லாமல் இறங்குவதில்லை. பெண் ராஜஸ்தான்காரராக இருந்தால் அந்த வேண்டுகோள் அவருடைய அப்பா அம்மா காதில் எப்படி விழும் என்று மேடையில் யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

ஒட்டவைத்த பெயருக்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஜோசப் விஜய். தகப்பனார் எஸ்.ஏ. சந்திரசேகர் கிறித்தவர், தாயார் ஷோபா இந்து. பெயரில் ஒரு பாதி அந்தப் பக்கம், மறு பாதி இந்தப் பக்கம். இருபத்தைந்து வருடம் திரையில் விஜய் என்ற பாதி மட்டும் ஓடியது. 2017இல் 'மெர்சல்' படத்து வசனத்தை வைத்துச் சண்டை வந்தபோது எதிராளிகள் ஜோசப் என்ற பாதியைக் கையில் எடுத்தார்கள். அவர் நன்றி அறிக்கையை 'சி. ஜோசப் விஜய்' என்றே வெளியிட்டார். இனம் எழுதாத சான்றிதழ் உள்ள நாட்டிலும் பெயரின் ஒரு பாதியை மட்டும் பிடித்து இழுக்க ஆள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் எடுத்த முடிவைக் கவனிக்க வேண்டும். முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட முடிந்தது. 1983க்குப் பிந்திய கொழும்பில் அதே வசதி ஒரு தமிழ்–சிங்களப் பிள்ளைக்கு இருந்திருக்காது.

திருப்பத்தூரில் வழக்கறிஞர் ஒருவர் 2019இல் 'சாதி, மதம் அற்றவர்' என்று வட்டாட்சியரிடம் சான்றிதழ் வாங்கினார். அவருடைய குடும்பத்தில் பிள்ளைகளின் பெயர்களை தமிழ்ப்பெயர், இசுலாமியப் பெயர், கிறித்தவப் பெயர் என்று கலந்து கோத்து வைத்திருக்கிறார்கள் என்று அப்போது செய்தி வந்தது. கலப்பு இல்லாத குடும்பம்கூடக் கலப்பைப் பெயரில் உண்டாக்கிக்கொள்ளலாம் என்பது தமிழ்நாட்டுக்கே உரிய துணிச்சல். அதற்கு ஒரு பழைய வேரும் உண்டு. பிள்ளையில்லாமல் நாகூருக்கோ வேளாங்கண்ணிக்கோ நேர்ந்துகொண்ட இந்துக் குடும்பங்களில் மஸ்தான், நாகூரம்மாள், ஆரோக்கியம் என்று பெயர் வைத்தார்கள். மதம் மாறவில்லை, கோயிலுக்குப் போவதை நிறுத்தவுமில்லை. கடன் தீர்ந்தது, பெயர் நின்றது.

கிறித்தவம் வந்த கதையில் இரு கரையும் ஏறக்குறைய ஒன்று, ஆனாலும் முழுதும் ஒன்றில்லை. 1530களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் மதம் மாறியபோது போர்த்துக்கேயப் பெயர்கள் வந்தன. தூத்துக்குடியில் பெர்னாண்டோ, மச்சாடோ, மோத்தா இன்னும் இருக்கிறார்கள். அதே பெர்னாண்டோ எதிர்க்கரையில் நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் சிங்களப் பெயர். இருபதாம் நூற்றாண்டில் அந்தக் கரையோரத்துக் குடும்பங்கள் பல தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறின. பள்ளிக்கூடம் சிங்களமானது, பூசை சிங்களமானது. பெயரை மாற்ற வேண்டிய தேவை வரவில்லை. வர்ணகுலசூரிய என்று தொடங்கி நடுவில் அந்தோனியைச் சேர்த்து பெர்னாண்டோ என்று முடிகிற ஒரு பெயரில் தென்னிந்திய வாடை, இத்தாலியில் வாழ்ந்த புனிதர், போர்த்துக்கேய ஞானத்தகப்பன் எல்லாம் வரிசையாக நிற்கிறார்கள். அந்தக் குடும்பம் இன்று தன்னைச் சிங்களம் என்று எழுதுகிறது. பெயர் அதற்கு எந்தத் தடையும் சொல்வதில்லை.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் வேறு மாதிரி நடந்துகொண்டது. விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு, பணம் அனுப்பிய அமெரிக்கக் கொடையாளரின் பெயரை வைத்தார்கள். அப்படி வந்த வரிசைதான் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. ஒரு பக்கம் நியூ இங்கிலாந்து, மறு பக்கம் சைவம். பிள்ளையின் தாய் தகப்பனைக் கேட்டுத்தான் அந்த ஒட்டு நடந்ததா என்பது எனக்குச் சந்தேகமே. அடுத்த தலைமுறைகளில் அந்தப் பாணி குடும்பச் சொத்தாகிவிட்டது. தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவரின் முழுப்பெயர் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம். விவிலியமும் சைவ மரபும் ஒரே வரியில்.

நெல்லைப் பக்கத்தில் ஒருவர் இதைத் தலைகீழாகச் செய்தார். வைணவராகப் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்றவர் ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளை. 'இரட்சணிய யாத்திரிகம்' எழுதியவர். ஏசுவைப் பாடிய காவியத்தின் அட்டையில் கிருஷ்ணன் பெயர்! ஹென்றியும் ஆல்பிரடும் எச்.ஏ. என்று முன்னெழுத்தாகிப் போக, நாம் இன்றைக்கும் அவரைக் கிருஷ்ணபிள்ளை என்றுதான் சொல்கிறோம். அடுக்கிவைத்த பெயரில் ஊர் வாய் எதை எடுக்கும், எதை விடும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிள்ளைக்கு மூன்று சொல்லில் பெயர் வைக்க ஆசைப்படும் இளம் பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான்: எந்தச் சொல் விடுபட்டால் மனம் நோகுமோ அதை முதலில் வையுங்கள். ஊர் வாயை முன்கூட்டிச் சொல்ல முடியாவிட்டாலும், பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் கடைசிச் சொல் பெரும்பாலும் நிற்பதில்லை.

தாய் பக்கத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு முன்னெழுத்து தகப்பனுடையது. இலங்கைத் தமிழர் பெயருக்கு முன்னால் எழுதும் முழுப்பெயரும் தகப்பனுடையது. சிங்களவரின் பரம்பரைப் பெயரான வாசகமவும் தகப்பன் வழி. ஆக எந்தக் கரையானாலும் தாயின் குடும்பம் உள்ளே வரவேண்டுமானால் பிள்ளையின் சொந்தப் பெயர் என்ற ஒரே வாசல்தான். சிங்களத் தாயும் தமிழ்த் தகப்பனும் உள்ள வீட்டில், முன்னால் 'செல்லத்துரை' என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அதனால் பிள்ளையின் பெயராவது தன் பக்கம் சாயட்டும் என்று தாய் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் ஆந்திர வழக்கொன்றில், தகப்பன் இறந்த பிறகு குழந்தையின் ஒரே இயற்கைக் காப்பாளரான தாய் அதன் குடும்பப்பெயரைத் தீர்மானிக்கலாம் என்று சொன்னது. தமிழ்நாட்டில் தாயின் முன்னெழுத்தையும் சேர்த்து இரண்டெழுத்தாகப் போடும் பெற்றோர் கூடிவருகிறார்கள். கொழும்பில் அப்படி ஓர் எண்ணம் பேச்சுக்கு வந்தால், 'அது பாஸ்போட்டிலே என்னெண்டு விழும்?' என்பதுதான் முதற்கேள்வி.

தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் இரண்டு பக்கமும் தேய்ந்துவிட்டது. அதோடு போனது ஒரு வேடிக்கை. மாமனார் பெயரை மருமகள் உச்சரிக்கக்கூடாது என்பதால் அந்தப் பெயர் வைத்த பிள்ளையை 'பெரியவனே', 'தம்பி' என்றே தாய் கூப்பிட்டாள். யாழ்ப்பாணத்தில் அந்த வீட்டுப்பெயர் வழக்கம் இன்னும் பலமாக இருக்கிறது. பதிவில் ஒன்று, வீட்டில் செல்லம், குஞ்சன், பபா என்று இன்னொன்று. கலப்புக் குடும்பங்கள் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. அனுஷா என்று பதிந்த பிள்ளையை அந்த வெள்ளவத்தை அப்பம்மா இன்றைக்கும் 'யாழி' என்றுதான் கூப்பிடுகிறார்.

யோசிக்கக் கிடைக்கும் அவகாசத்திலும் வித்தியாசம் உண்டு. இந்தியாவில் பிறப்பை 21 நாளில் அறிவிக்க வேண்டும், ஆனால் பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதன் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம்வரை சேர்க்கலாம். ஒரு மாமியார் சண்டை ஆறுவதற்குத் தாராளமான நேரம். இலங்கையில் 42 நாளுக்குள் பதிவு. பெரும்பாலானோர் பெயரை முடிவுசெய்துகொண்டுதான் பதிவாளரிடம் போகிறார்கள். 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு இரண்டு பக்க உறவும் கூடும்போது அது கிட்டத்தட்ட இறுதிச் சுற்றாகிவிடும். 2023 அக்டோபர் 1 முதல் இந்தியாவிலும் பிடி இறுகியிருக்கிறது. அதன்பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல்வரை பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற அலட்சியம் இனிச் செலவு வைக்கும்.

இரண்டு முறைகளும் ஒரே குழந்தையின்மேல் வந்து விழும் இடம் ஒன்று உண்டு. கும்மிடிப்பூண்டி, மண்டபம் போன்ற இடங்களில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள். முகாம் இளைஞர் பக்கத்து ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்வது அங்கே புதிதல்ல. குழந்தை பிறந்தால் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் அது குடியுரிமை தராது. 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக்கூடாது என்கிறது இந்தியச் சட்டம். ஆகவே சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகத்திலும் பதிந்துவைக்கிறார்கள். இந்தியத் தாளில் முன்னெழுத்தோடு ஒற்றைப் பெயர். இலங்கைத் தாளில் தகப்பனின் முழுப்பெயர், இனம், பாட்டன் பிறந்த ஊர். இரண்டிலும் எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் கடவுச்சீட்டு எடுக்கும்போது சத்தியக்கடதாசி முடிக்க வேண்டிவரும். அதனால் முகாமில் பெயர் தேர்கிறவர்கள் பொருளையும் நட்சத்திரத்தையும் பார்த்த கையோடு, அந்தப் பெயரை ஆங்கிலத்தில் ஒரே விதமாக மட்டுமே எழுத முடியுமா என்பதையும் பார்த்துக்கொள்கிறார்கள். ழகரமும் ஞகரமும் உள்ள பெயர்கள் அங்கேயும் முதலில் அடிபடுகின்றன.